மகாராணி சொன்னால் நம்புவார்கள்

ஜூலை 9, புதன்

இன்று காலையும் அறைத்தோழி கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் செய்தி வாசித்துப் பழகினாள். ஒரு பிசிறு இல்லை. நான் பல் துலக்கிக்கொண்டே கேட்டுத் தொலைத்தேன். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மகாராணி. அவளுக்குத் தெரியாது.

வாய்மொழித் தேர்வில் முதலாவதாக வருகிறவர்தான் பல்கலைக்கழக வானொலியில் ஆங்கிலச் செய்தி வாசிப்பார். எனக்கு அது வேண்டும். பள்ளி முழுக்கத் தாய்மொழியில் படித்துவிட்டு வந்தவளுக்கு இந்த ஆசை ஆகுமா? ஏன் ஆகாது?

ஜூலை 11, வெள்ளி

ஊடகப் பாடம் எடுக்கும் மேடம் தனியாக அழைத்தார். ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, குரலைப் பதிவு செய்துகொண்டார். ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததைப் பற்றிய செய்தி. “எதுக்குன்னு செவ்வாய்க்கிழமை சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்றார்.

என் குரலை! அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். மூச்சு விடாதே என்றது அம்மாவுக்குப் பொருந்தாது. “வேற யாரையெல்லாம் கூப்பிட்டாங்க?” என்று கேட்டாள். எனக்கு அடுத்து வாசிக்கக் கதவருகே நின்றவள் மகாராணி என்பதைச் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

அழுகையாக வருகிறது.

மேடம் இரண்டு பதிவுகளையும் வகுப்பில் போட்டார். ஒரே சம்பவம், ஒன்று உண்மை, ஒன்று அவர் இட்டுக்கட்டியது. எது எது என்று வாசித்த எங்களுக்கே சொல்லவில்லை. எல்லோரும் சீட்டில் எழுதித் தர வேண்டும்.

மகாராணியின் செய்தி அருவியாகக் கொட்டியது: நிபுணர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள், தொழிற்சாலை விஷம்தான் காரணம், ஐயமே இல்லை. அடுத்து நான். தடுக்கித் தடுக்கி: நீர்வாரியப் பொறியாளர் மாதிரி எடுத்திருக்கிறார், வெயிலால் இருக்கலாம் என்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

முக்கால்வாசிப் பேர் மகாராணியுடையதுதான் உண்மை என்று எழுதியிருந்தார்கள். அதுதான் பொய்.

மேடம் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “யார் சொன்னது, அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கவே இல்ல. இங்கிலீஷ் அழகா இருந்துச்சு, நம்பிட்டீங்க.” அப்படியானால் என்னை எதற்குக் கூப்பிட்டார்? என் ஆங்கிலம் அழகாக இல்லை என்பதற்காக. வேறென்ன?

அதுகூடப் பரவாயில்லை. நானும் மகாராணிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். நானே வாசித்த உண்மையை நானே நம்பவில்லை. வெட்கம், வெட்கம்.

ஜூலை 16, புதன்

மகாராணி என் செய்திக்கு ஓட்டுப் போட்டாளாம். துணி மடித்துக்கொண்டே சொல்கிறாள்: “உன்னோடதுல ‘முடிவு இன்னும் வரல’ன்னு ஒரு வரி வந்துச்சுல்ல? பொய் சொல்றவன் அதைச் சொல்ல மாட்டான்டீ.”

குரலும் அவளுக்கு, மூளையும் அவளுக்கு. கடவுள் பந்தி வைக்கும்போது நான் எங்கே போயிருந்தேன்?

ஜூலை 24, வியாழன்

அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். தேர்வு வரை இந்தக் குரல் இப்படியே இருந்தால் என்ன என்றும் நினைத்தேன். இரண்டும் நான்தான்.

ஜூலை 26, சனி

குரல் தேறிவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாளை வாய்மொழித் தேர்வு. மதியம் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. தேர்வு அலுவலகத்திலிருந்து பேசுகிறாராம். தேர்வு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறதாம். அப்படி ஓர் ஆங்கிலம்! குழுவில் கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. மகாராணி பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அவள் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.

எனக்குத்தான் உறுத்தியது. பேசியவர் பெயர் சொல்லவில்லை. நேராக அலுவலகத்துக்கே நடந்தேன். ஜன்னலில் இருந்த எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார்: “எவன் கெளப்பி விட்டான்? எக்ஸாம் நாளைக்குக் காலைலதாம்மா.”

குழுவில் போட்டேன். ஒருத்தன் எழுதுகிறான்: “அவ்ளோ சூப்பரா பேசுறவர் பொய், நீ சொல்றது நெசமா?” அலுவலகத்துக்கே ஃபோன் செய்து கேள் என்று எண்ணை அனுப்பினேன். அப்புறம் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள்.

மகாராணி மட்டும் குழுவைப் பார்க்கவில்லை. பேருந்தில் இருப்பாள்.

ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஒரு வாளித் துணி துவைத்தேன். அவள் வராவிட்டால் முதலிடம் எனக்கு. நான் என்ன தப்பு செய்தேன்? குழுவில் சொல்லியாகிவிட்டதே. பார்க்காதது அவள் பாடு — இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே ஒரே துப்பட்டாவை மறுபடி மறுபடி அலசியிருக்கிறேன்.

கடைசியில் கூப்பிட்டேன். நல்ல மனசால் அல்ல. அவள் இல்லாமல் ஜெயித்தால், ‘அவ மட்டும் இருந்திருந்தா’ என்று ஆயுசுக்கும் சொல்வார்களே! அந்தப் பேச்சை யார் கேட்பது?

“எக்ஸாம் நாளைக்குத்தான். அது பொய்.”

“நீ விசாரிச்சியா?”

“ஆபீஸ்ல நேர்ல கேட்டேன்.”

“அப்ப சரி. அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுறேன்.”

மறு கேள்வி கேட்கவில்லை. பொழுது சாயும்போது வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தாள். “பாப்பாவைப் பாக்கணும்னு துடிச்சேன். அதான் நல்லா காது கொடுத்துக் கேக்காமலே நம்பிட்டேன்” என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தேர்வு முடிந்தது. நான் சுமாராகப் பேசினேன். அவள் பேசியதைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். எழுத விருப்பமில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

முதலிடம் அவள். நான் மூன்றாவது. இரண்டாவதுகூட இல்லை! நானே கூப்பிட்டு, என் கையாலேயே வானொலியைத் தூக்கிக் கொடுத்தேன். வயிறு எரிகிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

அந்தத் தேர்வு விவகாரத்துக்குப் பிறகு, எந்தச் செய்தி வந்தாலும் எனக்கு அனுப்பி “இது நெசமாடீ?” என்று கேட்கிறார்கள். இன்று விடுதித் தண்ணீரில் கிருமி என்று ஒரு காணொளி வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு ஒரு வாய் சாப்பிட நேரமில்லை. தேடிப் பார்த்தேன்: பழைய காணொளி, வேறு ஊர். சொன்னேன். நம்பிக் கலைந்தார்கள்.

மகாராணி எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்கு வரும் வழியில் சொன்னாள்: “வானொலில தினம் வாசிக்கிறேன். ஒருத்தராவது என்கிட்ட எதுவும் கேக்கறாங்களா? எல்லாத்துக்கும் உன்கிட்டதான் ஓடுறாங்க.”

“அப்படியா?” என்று மட்டும் கேட்டேன், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.