உன் வாக்கியங்களுக்குப் பக்கத்தில் என் பெயர்

என் நிஸாம் மச்சான்,

உன் றிஸ்னா வேண்டாம் என்று சொன்னாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து, அவள் வேண்டாம் என்றதையே செய்து முடித்துவிட்டேன். வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே யார் கோள் சொல்லப் போகிறார்கள் என்று கேட்காதே. நீ எங்கே போனாலும் உனக்குக் கூட்டாளிகள் சேர்ந்துவிடுவார்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு நம்முடைய ‘தோணி’யைத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுதிப் பழக நாம் இரண்டு பேரும் செய்த கணினி மொழி அது. கல்லடியில் என் வீட்டு மேசை, காத்தான்குடியில் உன் வாப்பாவின் புடவைக்கடைக்கு மேல் உன் மேசை, அவ்வளவுதான் நம் அலுவலகம். பிள்ளை எழுதியதை ஓட்டுவதற்கு முன், எண் வரவேண்டிய இடத்தில் எண்ணும் சொல் வரவேண்டிய இடத்தில் சொல்லும் வந்திருக்கிறதா என்று வகை பார்க்கிற பகுதி ஒன்று அதில் இருக்கிறது. பார்ப்பது என் வேலை. பிழை என்றால் அதைப் பிள்ளைக்குச் சொல்வது உன் வேலை.

மற்ற மொழிகள் பிழை சொல்லும் விதத்தைக் கண்டாலே உனக்குப் பற்றிக்கொண்டு வரும். “பிழை விட்டவன் ஏற்கனவே பயந்துபோய்க் கிடக்கான் மச்சான். நாமளும் மேல ஏறி மிதிக்கிறதா?” என்பாய். அதனால் ஒவ்வொரு பிழைக்கும் தனித்தனியாக உட்கார்ந்து, பிள்ளையை மகனே என்று கூப்பிடும் நம் ஊர் ‘மனே’யோடு எழுதினாய். “மனே, இதில எண்ணையும் சொல்லையும் கூட்டுற மாதிரிக் கிடக்கு. எதைக் கூட்டணும் எண்டு ஒருக்காப் பாருங்க.” இன்னொன்றில், “முதல்ல இதைத் திருத்துங்க, மறுகா மற்றதைப் பாப்பம்.” மறுகா என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் மின்னஞ்சல் போட்டபோது, ‘பிறகு’ என்று பதில் போட்டுவிட்டு, இதற்கும் ஒரு பிழைச் செய்தி எழுதட்டுமா என்று கேட்டுச் சிரித்தாய்.

பிறகு டெங்கு என்று படுத்தாய். எழும்பவில்லை.

நீ எழுதிய நிரல் கோப்பை நான் தொடவில்லை. தொட மனம் வரவில்லை. தோணிக்குப் புதிதாக எது சேர்த்தாலும் உன் பகுதியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். நீ எழுதிய விதத்தையே பார்த்துப் பார்த்துப் பிரதி பண்ணினேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் யாரும் திறக்காத அறையைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

தன்னாமுனையில் பிள்ளைகளுக்குக் கணினி பழக்கும் ரீச்சர் ஒரு நாள் அழைத்தார். “அண்ணன், ஒரு பிழை விட்டாத் திரை முழுக்க வருது. புள்ளையள் பயந்து மூடி வச்சிட்டுப் போகுதுகள். நான் இங்கிலீசு மொழிக்கே மாறட்டா?”

படம் அனுப்பினார். பார்த்தேன். பிள்ளை விட்டது ஒரேயொரு பிழை. அதன் விளைவு எந்தெந்த வரிக்குப் போகிறதோ அங்கெல்லாம் உன் குரல். ஒருக்காப் பாருங்க, ஒருக்காப் பாருங்க, ஒருக்காப் பாருங்க. அன்பாக ஒரு தடவை சொன்னால் அன்பு. அதையே மூச்சு விடாமல் சொன்னால் ஏச்சு. பிள்ளைகள் உனக்குப் பயந்து ஓடுகிறார்கள், மச்சான். உனக்கு!

திருத்தம் என்னவென்று பார்த்த உடனேயே தெரிந்தது. பிழையான இடத்தில் ‘இது பிழை, சொல்லியாயிற்று’ என்று ஒரு அடையாளம் போட வேண்டும். அந்த அடையாளத்தைக் கண்ட மற்ற இடங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் நீ ஒவ்வொரு இடத்திலும் செய்தியை அங்கேயே எழுதி அங்கேயே அனுப்பியிருந்தாய். எல்லாவற்றையும் பிரித்து, சொல்கிற வேலையை ஒரே இடத்துக்குக் கொண்டுவராமல் வேறு வழியில்லை. உன் கோப்பில் அநேகமாக எல்லாம் போக வேண்டும்.

கேட்காமல் செய்ய முடியவில்லை. ஆனால் றிஸ்னா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டோடு இருக்கும் காலத்தில் இதைக் கொண்டுபோய் எப்படி நீட்டுவது? முடியும்வரை பொறுத்தேன். முடிந்த பிறகு போனேன். உன் மாமி தேத்தண்ணி தந்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார்.

“தங்கச்சி, அவன் எழுதின பகுதியைக் கொஞ்சம் சுருக்கணும். உங்களட்டக் கேக்காம மனம் வரல்ல.”

“சுருக்கிற எண்டா?”

“கனக்கக் கழிக்கணும்.”

“கழிச்சா அவர் எழுதினது இருக்குமா?”

“வேலை நடக்கும். எழுதினது இருக்காது.”

“அப்ப வேணாம் அண்ணன். அவர்ர உடுப்பெல்லாம் குடுத்திட்டன். அது ஒண்டாவது கிடக்கட்டும்.”

நான் போனது அனுமதி கேட்கவா, ஆம் என்ற சொல்லை வாங்கிக்கொண்டு வரவா? மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

அந்த வாரமே செய்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்: அழிக்க அழிக்கச் சந்தோசமாக இருந்தது. முடிச்சு முடிச்சாகக் கிடந்தது அவிழ்ந்து, ஒரு பக்கம் ஓடியது ஒரு வரிக்கு வந்தபோது, நான் மேசையில் தட்டிச் சிரித்தேன். என் சிநேகிதனின் கையெழுத்தை அழித்துக்கொண்டு சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது.

உன் வாக்கியங்களில் மட்டும் கைவைக்கவில்லை. மனேயும் மறுகாவும் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக வைத்தேன். ஆனால் எந்த வரியை யார் எழுதியது என்று நம் நிரல்களைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியத்தில் காட்டுமே, அங்கே போய்ப் பார்த்தேன். இடம் மாற்றி வைத்தவன் நான் என்பதால், உன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் என் பெயர்.

ரீச்சர் திரும்பவும் அழைத்தார். “இப்ப ஒண்டுதான் வருது அண்ணன். புள்ளையள் வாசிச்சிட்டுத் தாங்களே திருத்துதுகள். எவ்வளவு அன்பா எழுதியிருக்கீங்க!”

நன்றி ரீச்சர் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. திருடனுக்குக்கூடத் திருடும்போது தெரியும், எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை ரீச்சரை அழைத்து, அந்த வாக்கியங்கள் உன்னுடையவை என்று சொன்னேன். அவர் உன்னைப்பற்றிக் கேட்டார். சொல்லச் சொல்ல நேரம் போனது தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து, வாக்கியங்கள் உள்ள கோப்பை எடுத்துவிட்டு உன் பெயரிலேயே திரும்பச் சேர்த்தேன். எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் வேறொருவர் என்று போட அதில் இடமிருக்கிறது. இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் நிஸாம் என்று நிற்கிறது.

றிஸ்னாவிடம் இன்னும் சொல்லவில்லை. அது இப்படி ஓர் இடத்தில் பெயர் மாற்றித் தீரும் காரியம் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டில் எல்லோரும் இருக்கும்போது மடிக்கணினியோடு போகிறேன். நீங்க வேணாம் எண்டதைச் செய்திட்டன் தங்கச்சி என்று முதலில் சொல்வேன். ஏசினால் கேட்டுக்கொள்வேன். வெளியே போகச் சொன்னால் போவேன். இருக்கச் சொன்னால், தோணியைத் திறந்து அவள் முன் வைப்பேன். அவள் இதுவரை ஒரு வரி நிரல் எழுதியதில்லை. எதை எழுதினாலும் பிழைதான் வரும்.

அப்போது நீ அவளிடம் பேசுவாய், மச்சான். ஒருக்காத்தான் பேசுவாய். அப்படித்தான் நான் செய்து வைத்திருக்கிறேன்.

சொன்னபடி போவேன்.

உன் தங்கச்சி மாப்பிள்ளை இல்லாவிட்டாலும் உனக்கு எப்போதும் மச்சான்,
சுதன்
கல்லடி