நாலாவது ஏன்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஒரகடம் சிக்னலில் லாரி வரிசை, கம்பெனி பஸ் இருபது நிமிடம் நகரவில்லை. ரெயின்கோட் மறுபடியும் வீட்டில். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இன்றைய வேலை:
– மூன்றாவது சர்வரை கிளஸ்டரில் சேர்ப்பது
– லேபிள் புரோகிராம் ஏன் செத்துச் செத்துப் பிழைக்கிறது என்று பார்ப்பது
– கேன்டீன் கூப்பன்
– அம்மாவுக்கு பி.பி. மாத்திரை

முதல் வேலை முடிந்தது, மூன்று சர்வரும் இப்போது ஒரே கூட்டமாக வேலை செய்கின்றன. ஃபைலில் எழுதினோம்: சர்வர் மூன்று, இன்னின்ன புரோகிராம், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு மெமரி. ஓடவிட்டால், எழுதியபடி அதுவே எல்லாவற்றையும் அமைத்துக்கொள்கிறது. ஒரு புரோகிராம் விழுந்தால் அதுவே இன்னொன்றை எழுப்புகிறது. போன வருடம் வரை ஒவ்வொரு மெஷினாகப் போய் உட்கார்ந்து கையால் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

இசக்கியின் ஒரே சட்டம்: "ஃபைல்ல இல்லாதது உலகத்துலயே இல்லக்கா. கையால எதையாவது மாத்துனா, அடுத்த ரன்ல அத அழிச்சிட்டு ஃபைல்ல உள்ளபடி ஆக்கிரும்." ஏஜென்சி மூலம் வந்தவன், சங்கரன்கோவில் பக்கம், சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ் வாசம். என்னைவிட மூன்று வயது சின்னவன். என்னைவிடச் சுத்தமாக எழுதுகிறான். சொன்னால் தலைக்கனம் ஏறும், சொல்லவில்லை.

மதியம் லைன் 2 சூப்பர்வைசர் மோசஸ் அண்ணா நேரிலேயே வந்துவிட்டார். "இன்னாம்மா உன் குபேரன் இப்டி பண்றாரு? லேபிள் வந்துகினே கீது, திடீர்னு நின்னுபூடுது. லேபிள் ஒட்டாத பொட்டிய அனுப்ச்சா கார் கம்பெனிக்காரன் அப்டியே திருப்பிடுவான்." சர்வர்களை மேய்க்கும் அந்த சாஃப்ட்வேரின் பெயர் குபர்னெட்டிஸ் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அது குபேரன்தான்.

பார்த்தேன். மெமரி போதவில்லை. ஃபைலில் 256 எம்.பி. என்று கஞ்சத்தனம் பண்ணியது நானேதான். இசக்கி சாப்பிடப் போயிருந்தான். ஃபைலைத் திருத்தி, அவன் சரிபார்த்து, ஓடவிட அரை மணி ஆகும். அண்ணாவோ தலைமேல் நிற்கிறார். நேரே கிளஸ்டரில் கை வைத்து 512 ஆக்கினேன். ஒரு நிமிட வேலை. லேபிள் ஓட ஆரம்பித்தது. "கில்லாடிம்மா நீ" என்று போய்விட்டார். ஃபைலில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

மாத்திரை வாங்கியாயிற்று. கூப்பன் மறந்தது.


நவ. 6, வியாழன்

மழை விட்டது. புழுக்கம். எழுதக் கை ஓடவில்லை.

10.20. புது பிரின்டர் ஒன்றுக்காக இசக்கி ஃபைலில் பதினோரு வரி சேர்த்தான். என்னிடம் காட்டினான். சரி என்றேன். ஓடவிட்டான்.

10.35. லேபிள் புரோகிராம் விழுந்தது. எழுந்தது. விழுந்தது. பிறகு எழவே இல்லை. லைன் 2 நாற்பது நிமிடம் அப்படியே நின்றது. ஏற்ற வந்த லாரி வாசலில். மோசஸ் அண்ணா ஃபோனில் கத்திய கத்தல் இன்னும் காதில்.

மேனேஜர் ரவி சார் வந்தார். முதல் கேள்வியே "கடைசியா ரன் பண்ணது யாரு?"

"நான்தான் சார்" என்றான் இசக்கி.

அந்த நொடிதான் எனக்கு நினைவு வந்தது. 512. ஃபைலில் நான் எழுதவே இல்லை. ஃபைல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, 256-க்குத் திருப்பிவிட்டது. உட்கார்ந்து, ஃபைலில் 512 போட்டு ஓடவிட்டேன். இரண்டு நிமிடத்தில் லைன் எழுந்தது. "வெரி குட், பட்டுனு புடிச்சிட்டியே" என்றார் சார்.

சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் இசக்கி பக்கம் திரும்பி, "பாஸைக் குடுப்பா. ரிப்போர்ட் முடியற வரைக்கும் நீ வர வேணாம்" என்றார். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான். நான் மூடிக்கொண்டேன்.

ஏன் என்று தெரியவில்லை.

பொய். தெரியும். இந்த மாதம் பர்மனென்ட் லெட்டர். இதே லைன் 2-இல் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், மாலை வகுப்பு படித்து இந்த நாற்காலிக்கு வர நாலு வருடம்.


நவ. 7, வெள்ளி

கூப்பன் வாங்கினேன். சாப்பிடவில்லை.

ஏன்-ஏன் ஷீட் நிரப்பும் வேலை என் தலையில். லைன் நின்றால் இங்கே வழக்கம்: ஐந்து கட்டம், ஐந்து முறை 'ஏன்' கேட்டு வேரைப் பிடிக்க வேண்டும். நான் பார்த்தவரை மூன்றாவது கட்டத்தில் யாராவது ஒரு ஆளின் பெயர் வந்துவிடும். அதோடு எல்லோருக்கும் கேள்வி தீர்ந்துவிடும்.

1. லைன் ஏன் நின்றது? லேபிள் வரவில்லை.
2. ஏன்? புரோகிராம் விழுந்தது.
3. ஏன்? ரன்னுக்குப் பிறகு மெமரி போதவில்லை. ஓடவிட்டவர்: இசக்கி.
4. ஃபைலில் முதலிலிருந்தே 256தான் என்றால், செவ்வாயிலிருந்து வியாழன் வரை ஏன் ஓடியது?

நாலாவதை எழுதிவிட்டு நானே அழித்தேன். அழித்த இடம் அழுக்காகத் தெரிகிறது. ரவி சார் எட்டிப் பார்த்தார். "மூணுலயே நிறுத்திக்கோ. ஆள் வந்தாச்சில்ல, அப்புறம் என்ன நோண்டிக்கிட்டு? திங்கக்கிழமை குடு." போகிறபோக்கில், "உன் லெட்டர் கையெழுத்தாயிடுச்சி. அதுவும் திங்கக்கிழமை."

குடிக்காத தண்ணீருக்கு ஆறு முறை எழுந்து போனேன். உட்கார முடியவில்லை. நின்றாலும் முடியவில்லை.


நவ. 8, சனி

லீவு. பிள்ளைப்பாக்கம், வீடு. மறுபடியும் மழை.

அம்மா டி.வி. முன்னால். "செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பிகினு கீதாம். தொறந்துவுடப் போறாங்களாம். அரிசிய பரண் மேல ஏத்து."
"அந்தத் தண்ணி நம்ம பக்கம் வராதும்மா."
"வராதுன்னு உனுக்கு யாரு சொன்னா?"
ஏற்றினேன். அதுவாவது ஒரு வேலை.

11 மணிக்கு இசக்கி ஃபோன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுத்தேன்.

"அக்கா, எனக்கு ஒரு உதவி. என் பதினோரு வரிய அனுப்புவியளா? எதுல தப்புன்னு தெரிஞ்சாப் போதும். ரூம்ல சும்மாதான் கெடக்கேன்." தொடர்ந்து அவனே, "அன்னைக்கு நீங்க மட்டும் இல்லன்னா லைன் சாயங்காலம் வரைக்கும் நின்னுருக்கும்க்கா. நல்லவேள இருந்திய."

அனுப்பினேன். வேறு என்ன செய்ய? சரியாக இருக்கும் பதினோரு வரியில் தப்புத் தேடப்போகிறான். பாவி நான். படுபாவி.


நவ. 9, ஞாயிறு

அவன் மெசேஜ்கள்:
9.10 – ரெண்டாவது வரி சந்தேகமா இருக்குக்கா.
11.45 – ரெண்டு இல்ல. ஏழு.
2.30 – புது பிரின்டர்தான் மெமரியத் தின்னிருக்குமோ? நான் கணக்குப் போடாம விட்டுட்டேனோ?
4.05 – இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல போலக்கா.

கடைசி மெசேஜைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. கிணற்றடியில் போய் நின்று அழுதேன். துணி எடுக்க வந்தாயா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று ஈரத் துணியையே அள்ளிக்கொண்டு வந்தேன்.


நவ. 10, திங்கள்

பஸ்ஸிலேயே, மடியில் வைத்து எழுதிவிட்டேன். ஆட்டத்தில் கோணல் கையெழுத்து.

4. ஏன்? செவ்வாயன்று நான் கையால் மெமரியைக் கூட்டினேன். ஃபைலில் எழுதவில்லை. இசக்கியின் வரிகளில் தவறு இல்லை.
5. ஏன்? சாப்பாட்டு நேரத்தில் சரிபார்க்க வேறு ஆள் இல்லை.

ஐந்தாவதை அடித்தேன். சாக்கு. "அவசரத்தில் செய்தேன், பயத்தில் மறைத்தேன்" என்று போட்டேன். ஷீட்டில் எழுதுகிற பாஷை இல்லைதான். இருக்கட்டும்.

ரவி சார் இரண்டு முறை படித்தார். கோபமே படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கஸ்டமர் நாளைக்கு வரான். இத அவன்கிட்ட காட்டணுமா? ஏஜென்சி ஆளு, இங்க இல்லன்னா இருங்காட்டுக்கோட்டைல வேற கம்பெனில சேந்துப்பான். உனக்கு இன்னொரு லெட்டர் வருமா?"
"தெரியாது சார்."
"தெரியாம எழுதறியா?"
"தெரிஞ்சதைத்தான் சார் எழுதியிருக்கேன்."

மேஜை டிராயரைத் திறந்தார். கவர் தெரிந்தது, என் பெயர் போட்டு. எடுக்காமலே மூடினார். "அப்ப இது இங்கயே இருக்கட்டும். அவன புதன்கிழமை வரச் சொல்லு."

மாடிப்படியில் நின்று இசக்கிக்கு அடித்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் இரைச்சல்.

"அப்பம் என் பதினோரு வரியும் சரிதானாக்கா?"
"எல்லாம் சரி."
சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு. "நான் அந்த ஏழாவது வரிய எத்தன தட..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.
"ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"
"வியாழக்கிழமையே."
"நான் வரிய அனுப்பச் சொன்னப்பமும் தெரியுமா?"
"தெரியும்."
பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.
"சரி, வச்சிருதேன்."


நவ. 11, செவ்வாய்

கார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஷீட்டை முழுதாகக் காட்டினார் சார், அதற்கு ஒரு கும்பிடு. லெட்டர் பேச்சு இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மோசஸ் அண்ணாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "நான்தான உன்ன அவசரப்படுத்தனேன். இன்னாத்துக்கு மொத்தத்தயும் நீயே தலைல தூக்கினு கீற?" என்றார். நிற்காமல் வந்துவிட்டேன், நின்றிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.


நவ. 12, புதன்

வெயில். பஸ் சீக்கிரம்.

வந்துவிட்டான். கழுத்தில் பாஸ், முடி வெட்டியிருந்தான். அவனுக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தேன்.

"குட் மார்னிங் மேடம்" என்றான்.

மேடம். ஒன்றரை வருடத்தில் முதல் தடவை. டீயை எடுத்துக்கொண்டான், தேங்க்ஸ் மேடம் என்றான். முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. மன்னிச்சிடு என்றேன். "பரவால்ல மேடம், வேலையப் பாப்போம்." அடி வாங்கியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

10.20. இன்னொரு பிரின்டருக்கான ரன். விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு, ஸ்கிரீனைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஓடவிடப் போறேன் மேடம். கையால எதும் தொட்டிருக்கியளா?"

இல்லை என்றேன்.

தலையாட்டினான். பிறகு மூன்று சர்வரையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அவனே பார்த்தான்.