சின்னவனின் லேப்டாப்பைத் திறந்தோம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் போனில் உன் மூக்கடைத்த குரலைக் கேட்டதிலிருந்து அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. வெந்நீரில் ஆவி பிடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. உன் வயதுக்கு இதையெல்லாம் சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்லிவிட்டேன். போன தடவை நீ ஒன்று கேட்டாயே, "அம்மா, தம்பியோட கேம் அக்கவுண்ட அங்க யாரு திறக்கறீங்க? அவன் பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரியுதும்மா" என்று. நான் யாரும் இல்லையே என்று சொல்லி, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சைப் போனில் பேச என்னால் முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து பொறுமையாகப் படி.

சின்னவன் தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று அவனுடைய லேப்டாப் மேசைமேல் திறந்தபடி சார்ஜில் இருந்தது உனக்குத் தெரியும். போன இடத்திலேயே காய்ச்சல் முற்றி அவன் போய்விட்டான், அது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்து நீ ஊருக்குத் திரும்பின பிறகும் நான் அதை அணைக்கவில்லை. அவன் அறைக் கதவைச் சாத்திவைத்தாலும் உள்ளே அந்த ஃபேன் சத்தம் கேட்கும், யாரோ இருக்கிறமாதிரி இருக்கும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. இந்த வெயில் காலம் ஆரம்பித்ததும் ஒரு நாள் மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அவன் அறையில் ஃபேன் இரைகிற சத்தம். கதவைத் திறந்தால் திரையில் வெளிச்சம், அந்த அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. அவன் யோசித்துக்கொண்டே விளையாடும்போது எப்படித் தயங்கித் தயங்கி நகர்த்துவானோ அதே மாதிரி. என் கண்முன்னாலேயே அவனுடைய கேம் படத்தில் போய் நின்றது, டக்கென்று ஒரு சத்தம், கேம் திறந்துகொண்டது. கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஆனால் பயமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், பயமில்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்து, வாயில் என்ன வந்ததோ அதைக் கேட்டேன், "சாப்ட்டியாடா" என்று. அம்பு கொஞ்சம் இடதுபக்கம் போய் நின்றது. அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சோற்றை அள்ளிப்போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். கடையில் நடந்தது, உன் அப்பா செய்கிற அழும்பு, உன் வேலை மாற்றம் எல்லாம் சொல்வேன். சில நாள் அம்பு அசையவே அசையாது, அன்றைக்கெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது. வெயில் கொளுத்துகிற நாளில் நிறைய அசையும். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறாய், நினைத்துக்கொள். நீ பார்த்த பச்சை விளக்கு அதுதான்.

இதற்கிடையில் அப்பாவுக்கு ஒரு வீட்டு வரைபட வேலை வந்தது. சின்னவன் போனதிலிருந்து அவர் ஒரு கோடு போட்டதில்லை, இந்த வேலைக்கு எப்படியோ தலையாட்டியிருக்கிறார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் வரைபடத்தைத் திறப்பதற்குள் மனிதருக்குத் தாடி வளர்ந்துவிடும்போல. ஒரு நாள் சாப்பிடும்போது, "சின்னவன் மெஷின்ல மெமரிய ஏத்தி, பெரிய டிஸ்க்கு ஒண்ணு போட்டா நல்லா ஓடும். ரிப்பேர் கடையில விசாரிச்சேன், நாமளே திறந்து போடலாமாம்" என்றார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவன் பொருளில் கை வைக்கக் கூடாது என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான், வேறு வழியில்லாமல், அம்பு நகர்வதைச் சொன்னேன். சிரிப்பார், இல்லை உன்னைக் கூப்பிட்டு அம்மாவை டாக்டரிடம் காட்டணும் என்பார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும், நானும் பார்த்தேன்" என்றார். நான் கடைக்குப் போன பிறகு காலையில் அவர் போய் உட்காருவாராம். இத்தனை நாளும் ஒரே வீட்டில், ஒரே அறையில், ஆளுக்கு ஒரு நேரமாக உட்கார்ந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் வாயைத் திறக்கவில்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல. பக்கத்துல இருந்தேன்" என்றார். அப்படியிருந்தும் ஏன் திறக்கச் சொல்கிறீர்கள் என்றதற்கு, "சத்தத்தக் கேட்டியா? மூச்சு முட்டுற மாதிரி இரையுது. இப்பல்லாம் சூடேறி அதுவே அணைஞ்சு போகுது. ஒரு நாள் ஒரேயடியா நின்னு போச்சுன்னா? இன்னொரு தடவ என்னால முடியாதுடி" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல. அவன் வைத்திருந்த டிஸ்க்கை மட்டும் தொடக் கூடாது என்றேன். அதைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் இன்னொன்று போட உள்ளே காலி இடம் இருக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து அதைக் கவிழ்த்து வைத்தோம். அணைக்கிற பொத்தானை அழுத்தியது நான்தான், அழுத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடுகிற கை ஆயிற்றே, திருகுகிற வேலை எனக்கு, டார்ச் பிடிக்கிற வேலை அப்பாவுக்கு. பின்பக்கத்து ஸ்க்ரூ நீளம், முன்பக்கத்து ஸ்க்ரூ குட்டை, மாற்றிப் போட்டால் உள்ளே பலகையைக் குத்திவிடும் என்று ரிப்பேர் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு அட்டையில் லேப்டாப் படம் வரைந்து, எது எந்த ஓட்டையில் இருந்ததோ அந்த இடத்திலேயே குத்திவைத்தேன். எல்லாம் கழன்ற பிறகு பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றை ஓரத்தில் நுழைத்து மெல்ல இழுத்தேன். கொக்கிகள் டக் டக்கென்று விட்டுக்கொடுத்தன. முன்பக்கம் வந்ததும் நான் நெம்பவே இல்லை, அடி மூடி தானாக எழும்பியது. உள்ளேயிருந்து யாரோ முதுகால் முட்டித் தள்ளின மாதிரி எழும்பியது பெரியவளே. நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். மூடியை எடுத்துப் பார்த்தால் பேட்டரி. தட்டையாக இருக்க வேண்டியது தலையணைபோல உப்பிக் கிடந்தது. அப்பா குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தொடாமல் விரலால் காட்டி, "இதுக்கு நேர் மேல டச்பேட் இருக்கு. சூடாக ஆக இது உப்பியிருக்கு, அடியிலேர்ந்து அத அமுக்கியிருக்கு. அதான் அம்பு ஓடியிருக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இன்றுவரை எனக்கே விளங்கிக்கொள்ள முடியவில்லை. உங்களை யார் கேட்டது, யார் இதைத் திறக்கச் சொன்னது என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வெளியே வந்து சொன்னபோது அப்பா எப்படி நின்றாரோ அப்படியே நின்றார்.

ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டதும், "அமுக்காதீங்க, குத்திராதீங்க, ஜன்னலத் திறந்து வைங்க, இதோ வரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெரிய உருவம், சத்தமான ஆள். முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார், அப்புறம் பிளாஸ்டிக் பட்டையால் ஓரம் ஓரமாக நெம்பி அதைப் பிள்ளையைத் தூக்குகிறமாதிரி தூக்கி, கொண்டுவந்திருந்த மணல் டப்பாவில் வைத்தார். "இத சார்ஜ்லயே போட்டு வச்சிருந்தீங்களா? தீப்பிடிச்சிருந்தா பக்கத்து அறையில படுத்திருக்கிற நீங்க எந்திரிச்சே இருக்க மாட்டீங்கம்மா" என்று திட்டினார். திட்டட்டும். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகவே படவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவர் ஃபேனைக் கழற்றினார், இறக்கையில் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. காற்றடிக்கிற குழாயை எடுத்தார். அந்தத் தூசிக்குள் சிவப்பாக ஏதோ மின்னியது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தானே, நான்கூட வீட்டுக்குள் வராதே என்று வாசலிலேயே நிறுத்தினேனே, அந்த முடி. "ஊதாதீங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த அவன் படத்தைப் பார்த்தார், குழாயைக் கீழே வைத்துவிட்டு, "நான் வெளியில நிக்கறேன், நிதானமா எடுங்க" என்று போய்விட்டார். என் கண்ணாடிக் கடைச் சின்னக் குறடால் ஒவ்வொரு முடியாகப் பிரித்தெடுத்தேன். அப்பா வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டார். அதை என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கண்ணாடி துடைக்கிற துணியில் மடித்து அவன் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். உனக்கும் வேண்டுமென்றால் சொல், வேண்டாமென்றாலும் சொல், இரண்டுமே எனக்குப் புரியும்.

அதன் பிறகு எல்லாம் சுருக்காக முடிந்தது. புதுப் பேட்டரி, இரட்டிப்பு மெமரி, அவன் டிஸ்க்குக்குப் பக்கத்தில் புது டிஸ்க், சூடு கடத்துகிற பசை புதிதாக. ஸ்க்ரூ ஒன்றுகூட மிச்சமாகவில்லை என்று அப்பா ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது ஃபேன் ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும், அவ்வளவு அமைதி. வீடே அமைதியாகிவிட்டது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அதைப் போட்டதும் கேமில் அவனுக்கு வந்த செய்திகள் ஓரத்தில் வரிசையாகத் தெரிந்தன. எல்லாவற்றிலும் உன் பெயர். நான் திறக்கவில்லை, அப்பாவையும் திறக்க விடவில்லை, அது உனக்கும் அவனுக்கும். பச்சை விளக்கைப் பார்த்து நீயும் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய் என்பதைக்கூட நான் இப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாம் மூன்று பேரும் என்ன ஜென்மங்களோ.

நேற்று சாயங்காலம் அப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோனேன். வரைபடம் திரையில் பாதியில் நின்றது. அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பண்றீங்க என்றேன். "ஃபைல் திறக்குது, கொஞ்சம் நேரமாகும்" என்றார். ஃபைல் எப்போதோ திறந்திருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பு அசையவில்லை. ஆடை படிந்து தேநீர் ஆறிப்போனது. கடைசியில் நான்தான் கையை நீட்டி மவுஸை லேசாக இடதுபக்கம் தள்ளினேன். அவருக்கு என் கை தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் திரையைப் பார்த்து, "வந்துட்டியாப்பா" என்றார்.

நீ ஒன்று செய். உன் லேப்டாப்பைச் சமதளத்தில் வைத்துப் பார், அடி உப்பி ஆடினால் உடனே அணைத்துவிட்டுக் கடைக்கு எடுத்துப் போ. மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதே, எந்நேரமும் சார்ஜில் போட்டும் வைக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், நீண்ட ஆயுசோடு, தலை நிறைய முடியோடு நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய், இந்தத் தடவை பால் வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா