அவர் வகுப்பின் கடைசி பெஞ்ச்

ஜூன் 12

இன்றும் மதியச் சாப்பாடு என் அறையில்தான். தனியாக.

நேற்று டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். வராந்தா வரை கேட்ட சிரிப்பு, நான் நுழைந்ததும் கப்பென்று நின்றது. இங்கிலீஷ் டீச்சர் எழுந்து தன் நாற்காலியைத் தந்தாள். "உக்காருங்க மேடம்." போன வருடம் வரை கேட்காமலே என் டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவள். அந்த 'அக்கா' எங்கே போயிற்று?

அவரும் அங்கே இருந்தார். என் கணவர். இதே பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எல்லோரோடும் சேர்ந்து அவரும் எழுந்து நின்றார்.

தலைமையாசிரியை ஆனதற்கு வாழ்த்து சொன்ன யாரும் இதைச் சொல்லவில்லையே.

ஜூன் 20

ஓர் ஒப்பந்தம். வீட்டில் பள்ளிக்கூடப் பேச்சு இல்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பேச்சு இல்லை. அவர் யோசனைதான். நானும் தலையாட்டிவிட்டேன். இப்போதுதான் தெரிகிறது, எங்களுக்குள் பேச்சு என்று இருந்ததே பள்ளிக்கூடம் ஒன்றுதான். பெண்ணும் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டாள். வீட்டில் மின்விசிறிச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.

ஜூலை 4

போன வருடத்து விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் எப்போதும் போலப் பறக்கிறார்கள். மற்றவர்கள் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். அதற்கு முந்தைய வருடமும் அதே இடம். "நம்ம பிள்ளைங்க அவ்வளவுதான் மேடம்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது சொல்கிறார்கள். பிள்ளைகள் வருடா வருடம் மாறுகிறார்களே. மாறாமல் இருப்பது யார்?

எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சில் ஒரு பீரியட் முழுக்க உட்காருவதாக முடிவு செய்தேன். குறை கண்டுபிடிக்க அல்ல. அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்க.

உதவித் தலைமையாசிரியர் — பிள்ளைகள் வைத்த பெயர் 'சைலன்ஸ் சார்' — கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "பாருங்க மேடம், நல்லதுதான். ஆனா உங்க வீட்டுக்காரர் கிளாஸ மட்டும் விட்டுடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சொல்ல மாட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் அதைத் தவிர வேறெதையும் சொல்லவும் மாட்டார்கள்.

ஜூலை 9

முதலில் அவர் வகுப்புக்கே போனேன்.

எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் அந்த மனிதர். அந்தக் குரலுக்காகத்தானே அப்போதெல்லாம் ஸ்டாஃப் ரூமில் அவர் பக்கத்து நாற்காலிக்கு அலைந்தேன். லென்ஸைப் பற்றிய பாடம். கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம், கோடு, அம்புக்குறி. முன் பெஞ்சுகள் வாய் பிளந்து கேட்டன.

கடைசி பெஞ்சிலிருந்து பலகையின் கீழ்ப்பாதி தெரியவில்லை. என் பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். நோட்டில் தலைப்புக்கு அடிக்கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த கதிர்கள், எல்லாம் படு சுத்தம். கதிர்கள் மட்டும் லென்ஸுக்குள் புகுந்து வளையாமல் நேராக மறுபக்கம் போயிருந்தன.

"இது எங்கம்மா வளையணும்?" என்று மெல்லக் கேட்டேன்.

"தெரியல மிஸ். அதுக்குள்ள சார் அழிச்சிட்டாரு."

அவர் திரும்பி, "புரிஞ்சுதா?" என்றார். வகுப்பே சேர்ந்து, "புரிஞ்சுது சார்." பக்கத்திலிருந்தவளும் சொன்னாள். எல்லோரையும் விடச் சத்தமாக.

ஜூலை 10

வீட்டில் சொல்ல முடியாது, ஒப்பந்தம். அறைக்கு வரச் சொன்னேன். வந்தார். உட்காரவில்லை.

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன். பாடம் அருமை, ஆனால் பாதி வகுப்புக்கு அது போய்ச் சேரவில்லை என்று. அந்தப் பெண்ணின் படத்தைப் பற்றியும். எவ்வளவு பக்குவமாகப் பேசியும் வார்த்தைகள் மேஜையைத் தாண்டும்போது அதிகாரி பேச்சாக மாறிவிட்டன. என்னால் தடுக்கவே முடியவில்லை.

கேட்டு முடித்து, "இத்தன வருஷத்துல என் கிளாஸ்ல வந்து உக்காந்த மொத ஆளு நீதான்" என்றார். பிறகு, "நீங்கதான்" என்று திருத்திக்கொண்டார்.

அந்தத் திருத்தல்தான் — போதும். எழுத முடியவில்லை.

ஜூலை 11

ஸ்கூட்டரை எனக்கு விட்டுவிட்டு பஸ்ஸில் போனார்.

ஜூலை 28

பெண் போனில் கேட்டாள்: "அப்பா கிளாஸுக்குப் போய் மார்க் போட்டியாமே?"

"மார்க் எல்லாம் போடலடி."

"அவர் அப்படித்தான் நெனைக்கிறாரும்மா. உனக்கு இது தேவையா?"

தேவையா? பின்னல்காரியிடம் போய் யார் கேட்பது?

ஆகஸ்ட் 19

போன வாரம் இங்கிலீஷ் டீச்சர் என் அறை வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். "சார் கிளாஸுக்கே போயிட்டீங்க. அப்ப எங்களுக்கு மட்டும் என்ன பயம்? என் கிளாஸுக்கும் வாங்க மேடம். ஆனா வந்தா, உள்ளத உள்ளபடி சொல்லணும்."

போனேன். சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் இன்று அவளே கணக்கு வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரே பாடத்தை இரண்டு விதமாக நடத்திப் பார்க்கப் போகிறார்களாம். இவ்வளவு நாளாக உருட்டிப் பார்த்தும் அசையாத வண்டி நகர்கிறது. எதைப் பணயம் வைத்து நகர்த்தினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து செய்தி பார்த்தேன்.

நவம்பர் 14

வராந்தாவில் போகும்போது அவர் வகுப்பு அமளிப்பட்டது. எட்டிப் பார்த்தேன். முன் பெஞ்சுகளை இழுத்து வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். மேஜை நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, பூதக்கண்ணாடி. அதே லென்ஸ் பாடம், மறுபடியும். பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தது பின்னல்காரி. அவர் கடைசி பெஞ்சில், கால் இடிக்க, குறுகி உட்கார்ந்து, "ஏன் அங்க வளையுது? எனக்குப் புரியல, சொல்லு" என்கிறார்.

உள்ளே போகவில்லை. 'நல்லா இருந்தது' என்று சொன்னால் மேடம் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் மனைவி சொல்லாததாகிவிடும். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கியது. இதற்கெல்லாமா அழுவார்கள்?

ஜனவரி 8

இடமாற்றம் கேட்டு அவர் மனு. என் மேஜைக்குத்தானே வர வேண்டும்.

மாலை வீட்டில் அவரே ஒப்பந்தத்தை உடைத்தார். "கோபத்துல இல்ல. அங்க நான் உனக்கு வணக்கம் சொல்லிட்டு, இங்க வந்து உன் பக்கத்துல உக்கார எனக்குத் தெரியல. ரெண்டுல ஒண்ணுதான் முடியுது."

"எந்த ஒண்ணு?"

"கேக்குற பாரு" என்றார்.

மேலிடத்துக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டேன். பள்ளியின் நல்ல அறிவியல் ஆசிரியரை நானே அனுப்புகிறேன். இப்போதுதான் நிஜமாகவே நல்ல ஆசிரியர்.

ஏப்ரல் 30

அவருடைய கடைசி நாள். பிள்ளைகள் அவர் கையை விடவில்லை. நான் தலைமையாசிரியை என்ற முறையில் பேசினேன், எல்லோருக்கும் பேசுவது போல. சைலன்ஸ் சார்கூட மூக்கைச் சிந்தினார்.

ஜூன் 25

பள்ளி திறந்ததிலிருந்து ஆசிரியர்கள் என்னைக் கேட்காமலே ஒருவர் வகுப்புக்கு ஒருவர் போய் வருகிறார்கள். ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றித்தான் சண்டை, சிரிப்பு. நான் போனால் இன்னமும் நிற்கிறது. பரவாயில்லை. போகாமல் வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 17

சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்கே வந்துவிட்டார். புதுப் பள்ளி, புதுத் தலைமையாசிரியர், அவரைப் பற்றி ஒரு மூச்சு.

"என்ன மனுஷன்டி அவன். ஆபீஸை விட்டு எழுந்திருக்கிறதே இல்ல. நான் அங்க ஒருத்தன் தொண்ட கிழியக் கத்துறேன். பின்னால இருக்கிறதுங்களுக்குப் போய்ச் சேருதா இல்லையான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து உக்காந்து பார்த்துச் சொல்லக் கூடாதா?"

சொல்லிவிட்டு நின்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.