குலுக்கலில் பெயர் விழுந்தது பெர்த்திலுக்கு

அன்பு மகள் மெர்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் பிரஸ்ஸல்ஸில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே பின்லாந்தில், நம் கொக்கோலாவில் பனி இன்னும் உருகவில்லை, அம்மா ஏலக்காய் ரொட்டி சுட்டு எனக்கு ஒன்றே ஒன்று தந்துவிட்டு மீதியை ஒளித்துவைத்திருக்கிறாள்.

விஷயம் என்னவென்றால், உன் சர்வே எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. அத்தனை நாட்டு ஜனங்களிடம் அவரவர் மொழியில் தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று கேட்டு, எங்கே மருத்துவமனை வேண்டும் என்று அரசாங்கங்களுக்குச் சொல்கிறீர்கள் அல்லவா, அதேதான். ஆனால் கடிதம் வந்தது எனக்கல்ல, பக்கத்து வீட்டு பெர்த்திலுக்கு. அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு, உன் பொண்ணு என்னைத்தான் நலம் விசாரிக்கிறா, உனக்கு வரலையாப்பா என்றான். எனக்கு வயிறு எரிந்தது. அம்மாவிடம் சொன்னால், சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறாங்க, உங்க மூஞ்சியைப் பாத்து யாரும் ஒதுக்கலை என்கிறாள். ஏற்கெனவே எஸ்தோனியாக்காரனும் போர்த்துகல்காரனும் உன்னை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போதாதா, மொழிபெயர்ப்பாளர்கள் காத்திருக்கிறார்கள் என்று எத்தனை முறை போனை வைத்திருக்கிறாய். இப்போது பெர்த்திலுமா.

அப்புறம் அவனே, என் தூக்கத்துக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் என்ன சம்பந்தம், கதவைத் திறக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கேள்வி கேட்கும் சினிக்கா என்ற அம்மாள் காரில் வந்து இறங்கியபோது நான் முகம் மழித்து, தேவாலயத்துக்குப் போடும் சட்டையில் வாசலில் நின்றேன். அவனுக்குப் பதில் நான் சொல்கிறேன், அதே தெரு, அதே வயசு, அதே ரத்தக்கொதிப்பு மாத்திரை என்றேன். அவர் சிரிக்காமல், பேரு விழுந்தவர்தான் சொல்லணும் ஐயா, பேச ஆசைப்படுறவங்களை மட்டும் கேட்டா, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே கஷ்டப்படுறவங்க கணக்குலயே வர மாட்டாங்க என்றார். யார் போட்ட சட்டம் என்று கேட்டேன். தலைமை அலுவலகமாம். அதாவது நீ.

மனைவி கூன்வோர் செத்ததிலிருந்து பெர்த்தில் டப்பா மீனைத்தான் தின்கிறான் என்பது நினைவுக்கு வந்தது. போய்க் கதவைத் தட்டினேன். உனக்காகவே என் பொண்ணு உன் தாய்மொழி ஸ்வீடிஷ்ல எழுதி வச்சிருக்கா, ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டை போட்டு, திறடா என்றேன். நான் உள்ளே வரக் கூடாது என்ற நிபந்தனையோடு திறந்தான். நான் அவன் வாசலில் பனியை வாரிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார். அவன் எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருக்கிறார். பதிலை அவன் வாயில் திணிக்கவில்லை. அப்படித்தான் பழக்கியிருக்கிறீர்களாம். எனக்கு வந்த பொறாமையில் அவன் தெருவரைக்கும் பனியை வாரிவிட்டேன்.

அந்த அம்மாள் போனபின் பெர்த்தில் கண் சிவந்து வெளியே வந்தான். மனசு விட்டுப் பேச எத்தனை பேர் இருக்காங்கன்னு அந்தம்மா கேட்டாங்க, ஒருத்தன்னு சொன்னேன், நீ ரொம்பத் துள்ளாதே, வேற ஆள் கிடைக்கலை என்றான். ஆக, உன் கணக்கில் நானும் ஒருவழியாக நுழைந்துவிட்டேன், இன்னொருத்தன் பதிலாக.

மெர்வி, ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா நல்லா இருக்கீங்கல்ல என்பாய், நான் மூச்சு விடுவதற்குள் சரி சரி என்பாய். இந்த ஞாயிறு அந்தத் தூக்கக் கேள்வியை, எழுதியிருக்கிறபடி, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல் என்னிடம் கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. இலையுதிர்காலத்திலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அம்மாவிடம் இடுப்புவலி என்று சொல்லியிருக்கிறேன், இடுப்பு அல்ல. பதில் வர நேரமாகும். மொழிபெயர்ப்பாளர்களைக் காத்திருக்கச் சொல்.

கடவுள் உன்னைக் காப்பாராக. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறோம், மறக்காமல் போட்டுக்கொள்.

உன் பெயர் விழாத அப்பா,
தௌனோ