அசையாத அறுபத்து நான்கு சொற்கள்

பாபநாசம்
14.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வாணி எழுதுவது. அம்மா நலம். சம்பா நடவு முடிந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நல்ல சேதி இத்துடன் சரி.

நீ எனக்கு அமைத்துத் தந்த இணையதளத்தில் படங்கள் அசையவில்லை. அறுபத்து நான்கு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் கேமரா முன் நின்று கையசைத்து, ஃபிரேம் ஃபிரேமாக நானே வெட்டி ஒட்டியவை. இப்போது எல்லாவற்றிலும் சிலை மாதிரி நிற்கிறேன்.

இன்று பூதலூரிலிருந்து ஈஸ்வரி என்ற பெண் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கே வந்துவிட்டாள். என்னைப் போலவே அவள் மகளுக்கும் காது கேட்காது. நான்கு வயது. நம் தளத்தைப் பார்த்துத்தான் தாயும் மகளும் கையால் பேசப் பழகுகிறார்கள். அவள் சொன்னதைக் கடைக்கார நஜ்மா அக்கா தாளில் அப்படியே எழுதிக் காட்டினார்: "படம் நின்னுபோச்சுங்க. தண்ணிக்கும் மருந்துக்கும் ஒரே மாதிரி கைய வச்சிருக்கீங்க. புள்ள தண்ணி கேட்டிருக்கு, நான் இருமல் மருந்த ஊட்டிட்டேங்க."

இரண்டுக்கும் கை ஒன்றுதான், அண்ணா. அசைவுதான் வேறு. அந்தப் பெண் முன்னால் கூனிக் குறுகி நின்றேன். உடனே பார்.

தங்கை,
வாணி

சென்னை
15.11.2024

அன்பு வாணிக்கு,

இதற்கா இவ்வளவு பதற்றம்? பிரவுசரில் பழைய பதிவுகளை அழித்துவிட்டுப் பார். சில போன்களில் அசைவை நிறுத்தும் அமைப்பு ஒன்று இருக்கும், அதையும் பார். இல்லையென்றால் நீதான் ஏற்றும்போது தவறாகச் சேமித்திருப்பாய்.

தையில் கல்யாணம். எனக்கு மூச்சுவிட நேரமில்லை. 24ஆம் தேதி ஞாயிறு, கவிப்ரியா வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். யாராவது உன்னிடம் ஏதாவது கேட்டால் சிரித்துத் தலையாட்டு, போதும்.

அண்ணன்,
அறிவுச்செல்வன்

பாபநாசம்
17.11.2024

அண்ணா,

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். என் போன், அம்மா போன், கடைக் கணினி மூன்றிலும் பார்த்தேன். அசையவில்லை. என்னிடம் இருக்கும் மூலப் படங்கள் நன்றாகவே அசைகின்றன. தளத்தில் இருப்பதை இறக்கித் திறந்தேன். பன்னிரண்டு ஃபிரேம் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று. அறுபத்து நான்கிலும் அப்படித்தான்.

கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். நவம்பர் 3, ஞாயிறு, காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள், உன் கணக்கிலிருந்து ஏற்றியிருக்கிறது. முதல் பக்கத்தில் "நான் காது கேளாதவள், இவை என் சொற்கள்" என்று எழுதியிருந்தேனே, அந்த வரியும் இல்லை.

நாள் முழுக்கப் படத்தோடு மாரடிப்பவள் நான். என்னிடமே பிரவுசரை அழி என்கிறாய். ஏன் செய்தாய்? அதை மட்டும் எழுது.

வாணி

சென்னை
18.11.2024

வாணி,

சரி, நான்தான்.

தீபாவளி முடிந்து கவிப்ரியாவின் அம்மா அகிலாண்டம் போனில் அழைத்தார். இணையத்தில் என் பெயரைத் தேடியவர், தளத்தின் அடியில் அது இருப்பதைப் பார்த்திருக்கிறார். "இது யாருங்க தம்பி, கைய ஆட்டிக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்டார். "என் தங்கச்சிங்க, நாட்டிய முத்திரை புடிச்சுக் காட்டுறா" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். முதல் பக்கத்து வரியை அவர் படிக்கவில்லை போல. மறுபடி பார்த்தால் தெரிந்துவிடுமே என்று அதை எடுத்துவிட்டு, முத்திரை மாதிரித் தெரியட்டும் என்று படங்களை நிறுத்தினேன்.

நமக்கு இருப்பது காரை பெயர்ந்த வீடு, ஒரு அம்மா, நீ. எனக்கு வந்த நல்ல இடம் இது. குழந்தைகளுக்கும் வந்துவிடுமோ என்று அவர்கள் பயந்தால் என்ன செய்வேன்? கல்யாணம் முடியட்டும், எல்லாவற்றையும் திருப்பி வைக்கிறேன். இரண்டு மாதம் பொறுக்க மாட்டாயா?

அண்ணன்

பாபநாசம்
19.11.2024

அண்ணா,

மாட்டேன்.

இரண்டு மாதத்தில் ஈஸ்வரியின் மகள் எத்தனை முறை தண்ணீர் கேட்பாள் என்று நினைத்தாயா? என் வாயை உனக்காக மூடிவைத்துவிட்டு, கோளாறு என் கையில் என்று வேறு எழுதினாய். மூன்று நாள் என் வேலையையே நான் சந்தேகப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதற்குள் கவிப்ரியாவிடம் நீயே சொல்லிவிடு. சொல்லவில்லையென்றால், எல்லோர் எதிரிலும் நான் கையால் பேசுவேன். அம்மா வாய்விட்டுச் சொல்வாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

வாணி

சென்னை
25.11.2024

வாணி,

சனிக்கிழமை சொன்னேன். நேற்று அவர்கள் ஏன் வரவில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

கவிப்ரியா சொன்னது இது: "உங்க தங்கச்சிக்குக் காது கேக்காதுங்கறதுல எனக்கு ஒண்ணுமில்லைங்க. கூடப் பொறந்தவளப் பத்தியே பொய் சொல்லிட்டீங்களே, அதான் யோசிக்க வேண்டியிருக்கு." அவகாசம் கேட்டிருக்கிறாள். என்ன ஆகும் என்று தெரியவில்லை.

படங்களையும் உன் வரியையும் பழையபடி வைத்துவிட்டேன். இப்போது நிம்மதியா?

அண்ணன்

பாபநாசம்
26.11.2024

அண்ணா,

அறுபத்து நான்கும் அசைகின்றன. ஈஸ்வரிக்குத் தகவல் அனுப்பிவிட்டேன். கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். இனி தளத்தை நானே பார்த்துக்கொள்வேன்.

நிம்மதியா என்று கேட்கிறாய். உன் கல்யாணம் நின்றால் எனக்கு என்ன கிடைக்கும்? கவிப்ரியா நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். அவள் சரி என்று சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் என் கோபம் போகவில்லை.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் படங்களை ஒவ்வொன்றாக நிறுத்தியிருக்கிறாய். அதில் ஒன்றையாவது உன் கையால் செய்து பார்க்கத் தோன்றியதா? நான் பிறந்து இருபத்தெட்டு வருடம். நேற்றுவந்த நஜ்மா அக்கா பத்துச் சொல் பழகிவிட்டார். நீ இதுவரை ஒரு சொல்கூட என்னோடு கையால் பேசியதில்லை.

இனி எனக்கு எழுதாதே. ஒரு சொல்லாவது கற்றுக்கொண்டு நேரில் வா.

இசைவாணி