இடது கையால் கோத்த சக்கரங்கள்

பாளையங்கோட்டை
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு, விஜயஸ்ரீ எழுதுவது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். வளைகுடா முழுக்க, சோஹாரிலும், இப்போது அனல் அடிக்கும் என்று செய்தியில் காட்டினார்கள். பிளாண்டில் வெளிவேலை இருந்தால் தலையில் ஈரத்துணி கட்டாமல் போகாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் சாப்பிட்டாயா என்கிறீர்கள், நான் சாப்பிட்டேன் என்கிறேன். மழை உண்டா என்கிறீர்கள், இல்லை என்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் லைனில் சும்மா இருக்கிறோம். எழுதினால் நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடிக்கலாம் என்று தோன்றியது.

இங்கே சாரல் காற்று வந்துவிட்டது. மழை குற்றாலத்தோடு நின்றுகொள்கிறது, நமக்குத் தூசிதான். ஆற்றில் தண்ணீர் போகிறது என்று கிளினிக்குக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாடித் தொட்டியில் விரிசல் விட்டிருந்தது, ஆள் வைத்துப் பூசியாயிற்று. இன்வெர்ட்டர் பாட்டரியையும் மாற்றிவிட்டேன். வீட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

சித்திரை கடைசியில் உங்கள் அக்கா வந்திருந்தாள். சித்ரலேகா மதினியைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா, பள்ளிக்கூடத்தை நடத்துகிற மாதிரியே நம் வீட்டையும் நடத்தினாள். பாப்பா போய் ஆடியோடு வருஷம் திரும்புகிறது, அதற்குள் அவள் சாமான்களை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஆறாது என்றாள். நான் சரி என்றேன். யூனிபார்ம், பாவாடை சட்டைகள், சைக்கிள், கலர் பென்சில் டப்பாக்கள் எல்லாம் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்குப் போயிற்று. மதினி மடிக்க மடிக்க அழுதாள். நான் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். ஆட்டோக்காரர் சைக்கிளை மேலே கட்டும்போது, மணி கழன்றுவிடாமல் பார்த்துக் கட்டுங்கள் என்று சொன்னது நினைவிருக்கிறது. வேறு எதுவும் தோன்றவில்லை.

பீரோவுக்கு மேல் நீங்கள் ஏற்றி வைத்துவிட்டுப் போன பெட்டியையும் மதினி இறக்கினாள். இதுவும் பொம்மைக் கார்தானே, யாராவது ஒரு பிள்ளை விளையாடட்டும் என்றாள். உள்ளே ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம் என்று திறந்தேன்.

என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் பந்தயத்தில் ஓடிய அந்த இத்தாலிக் கார், நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. அப்பாவும் மகளுமாகப் போன வருஷக் கோடை லீவு முழுக்கக் கூடத்துத் தரையில் படுத்துக்கிடந்து பூட்டிய இன்ஜின். அதிலிருந்து வளைந்து வரும் புகைக்குழாய்கள். வெட்டாமல் பிளாஸ்டிக் சட்டத்திலேயே ஒட்டியிருக்கும் உதிரிகள். கீழே ஒரு டப்பாவில் நான்கு சக்கரங்களுக்கான ரிம்மும், தலைமுடி கனத்துக்குப் போக்ஸ் கம்பியும். ஒரு சக்கரம் மட்டும் கோத்து முடிந்திருந்தது. அதை அவள் தனியாகச் செய்தாள். நீங்கள் தொட வந்தபோது, "நீங்க இன்ஜினைப் பாருங்கப்பா" என்று விரட்டினாள்.

நான் மூடியைப் போட்டு, இதில் சாமான் குறைகிறது மதினி, பிள்ளைகளுக்கு உதவாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அதைக் கிளினிக்குக்கு எடுத்துப்போனேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மதியம் நோயாளிகள் குறைவு. சும்மா உட்கார்ந்தால் எல்லாரும் வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். கையில் ஏதாவது இருந்தால் விட்டுவிடுகிறார்கள். பல் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியில் இருந்த செய்முறைப் படம் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். பல்லைச் சீவுகிற பர், மெழுகுக் கத்தி, டுவீசர் எல்லாமே இதற்கும் சரியாக இருக்கின்றன. உடம்புத் தகட்டுக்குச் சிவப்பு அடித்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்த்து, திரும்ப அடித்து, திரும்பத் தேய்த்தேன். டாஷ்போர்டில் கடுகளவு மீட்டர்கள். அதன் முள்ளைப் படத்தில் ஒரு மயிரிழையாகக் காட்டியிருக்கிறார்கள், அதையும் வரைந்தேன். பானெட்டின் மேல் வருகிற வார்ப்பட்டையைப் பிளாஸ்டிக்கில் கொடுத்திருந்தார்கள். அது பிடிக்கவில்லை. பழைய கைக்கடிகாரத்தின் தோல்வாரைச் சீவி மாட்டினேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். இதைச் செய்யும்போது பாப்பாவை நினைத்துக்கொண்டே செய்தேன் என்று நினைக்காதீர்கள். ஒன்றையும் நினைக்கவில்லை. கம்பி துளைக்குள் போகிறதா என்று மட்டும் பார்த்தேன். அதற்குத்தான் செய்தேன் போலிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் டாக்டரம்மா தேறிவிட்டார்கள் என்று சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

மேலப்பாளையத்திலிருந்து மஹ்மூதா பீவி பல்செட் கட்ட வந்திருந்தார்கள். அவர்கள் மகன் உங்கள் கேம்பில் இருக்கிறானே, அவன் வீடியோ காலில் எல்லாம் சொல்லுவான் போல. நான் கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னார்கள்: "ஒங்க வீட்டுக்காரவுக இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாகளாம்லா. மவன் சொன்னான். நீங்க இங்கன ஒத்தையில கெடந்து என்னம்மா செய்வீக?"

ஆமாம், எனக்குத் தெரியும் என்று சொல்லி வாயைத் திறக்கச் சொன்னேன். அளவெடுத்தேன். அளவு சரியாகவே வந்தது. அவர்கள் போன பிறகு அடுத்த ஆளையும் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாதம் வைத்து, ரசம் வைத்து, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான், இதை இவர் என்னிடம் சொல்லவில்லையே என்று உறைத்தது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியட்டும், அவ்வளவுதான்.

கடைசியாகச் சக்கரங்களுக்கு வந்தேன். அந்த வேலை கண்ணைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு கம்பியையும் நடுக்குடத்தின் துளையில் விட்டு, ரிம் வரைக்கும் இழுத்து, அடுத்ததைக் குறுக்கே விட வேண்டும். மூன்று சக்கரங்களையும் படத்தில் போட்டிருக்கிறபடியே கோத்தேன். நாலாவதாக அவள் செய்ததை மாட்டி மேஜையில் வைத்தேன். கார் ஆடியது. கால் குட்டையான நாற்காலி மாதிரி ஒரு மூலை நிற்கவில்லை.

நம் லேபில் பல்செட் செய்கிற பாக்கியசீலன் அதைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். பாப்பா கோத்த சக்கரத்தைக் காட்டி, இதில் ஒரு பக்கத்துக் கம்பிகள் கூடுதலாக இழுபட்டு, நடுக்குடம் ஒரு நகக்கனம் தள்ளி நிற்கிறது என்றார். அவள் இடது கைக்காரி அல்லவா, இழுத்த இழுப்பெல்லாம் ஒரே பக்கமாகப் போய்விட்டது. "இந்த ஒண்ணை மட்டும் பிரிச்சுக் கோத்தா சரியாப் போயிரும் மேடம். குடுங்க, நான் பாத்துத் தாரேன்" என்றார். அது யார் செய்தது என்று அவருக்குத் தெரியாது. நல்ல மனுஷர்.

கத்தரியைக்கூட எடுத்துவிட்டார். நான் கையை நீட்டிக் காரை வாங்கிக்கொண்டேன். "இதுல கை வைக்காண்டாம். மத்த மூணையும் பிரிச்சிருவோம்" என்றேன். நல்லா இருக்கிறதை எதுக்கு மேடம் பிரிக்கணும் என்று கேட்டார். நான் முதல் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கம்பிகளை நேராக்கிக் கொடுத்தார்.

மூன்றையும் பிரித்தேன். அவள் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி கோத்தேன். வலது கையால் செய்தால் வரவில்லை. சரியாகச் செய்துதான் எனக்குப் பழக்கம், கை தானாகச் சரிப்படுத்திவிடுகிறது. கடைசியில் டுவீசரை இடது கைக்கு மாற்றினேன். எத்தனையோ கம்பி வளைந்து வீணாயிற்று. அவள் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு எப்படி இழுத்திருப்பாள் என்பது அப்போது என் விரலுக்குத் தெரிந்தது. டுவீசரைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

இப்போது நான்கு சக்கரமும் ஒரே மாதிரி தப்பு. தள்ளினால் கார் நொண்டி நொண்டிப் போகிறது. நிறுத்தினால் நேராக நிற்கிறது.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் வைத்துக் கடைசியாகக் காற்றுத்தடுப்புக் கண்ணாடியை ஒட்டினேன். பெட்டிக்குள் பார்த்தேன், வெறும் சட்டங்கள். ஒட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. பசை காயும் வரை பிடித்திருந்துவிட்டு, "முடிஞ்சிட்டு பாப்பா, வந்து பாரு" என்று உள்ளறையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் அத்தான்.

சொன்னது என் காதிலேயே விழுந்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் விரலை எடுக்காமல் கண்ணாடியைப் பிடித்தபடியே இருந்தேன். பசை எப்போதோ காய்ந்திருக்கும்.

அதிலிருந்து மதியங்களில் கையில் ஒன்றும் இல்லை. இன்னொரு பெட்டி வாங்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்பது அப்போது புரிந்தது. வேலை இருக்கிற வரைக்கும் வேறு எதையும் நினைக்க வேண்டாம். என்னுடையது முடிந்துவிட்டது, உங்களுடையது இன்னும் இரண்டு வருஷம் ஓடும். பிறகு இன்னொரு கையெழுத்துப் போடுவீர்கள்.

போட்டது போட்டதாகவே இருக்கட்டும். வேலையை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆடியில் ஒரு வாரம் லீவு கேளுங்கள். திதிக்காக என்று சொன்னால் தருவார்கள். சாமி கும்பிட வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம், மதினிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அழுதாலும் சரி, அழாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். எல்லாரும் எனக்கு முன்னால் அவள் பெயரைச் சொல்லப் பயப்படுகிறார்கள். நீங்களும் போன ஆடியிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் இந்தக் கடிதம் முழுக்கப் பாப்பா, அவள் என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பாருங்கள். சங்கரன்கோவிலில் வைத்து அவள் காதில் முதலில் அந்தப் பெயரைச் சொன்னது நீங்கள்தான். வந்து இந்த வீட்டில் நின்று ஒரே ஒரு தடவை அதைச் சொல்லுங்கள். எனக்குக் கேட்க வேண்டும்.

காந்திமதி அம்மன் உங்களுக்கு இன்றைக்காவது நல்ல தூக்கம் தரட்டும்.

இப்படிக்கு,
விஜயஸ்ரீ
கோமதிப்ரியாவின் அம்மா